நகர முடியாதவரின் அறை



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு, 'கட்டடமும் நலவாழ்வும்' என்று பொதுவாக ஒரு தலைப்பைக் கொடுத்து, அதற்குள் எதைப் பேசுவது என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டீர்கள். அகமதாபாத்தில் உள்ள ஒரு மருத்துவமனை வார்டிலிருந்து தொடங்குகிறேன்.

2010 மே மாதம் அந்த நகரத்தில் வெயில் 46 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் வழக்கமான எண்ணிக்கையைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, தெற்காசியாவிலேயே முதன்முதலாக ஒரு நகரம் வெப்பத்தைச் சமாளிக்கச் செயல்திட்டம் வகுத்தது என்றால் அதற்கு இந்த மே மாதம்தான் காரணம். மாநகராட்சி நடத்தும் ஷார்தாபென் மருத்துவமனையில் அதே நாட்களில் இன்னொன்று நடந்தது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் உடல் கொதிக்கக் கொதிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வெப்பம்தான் காரணம் என்பது மருத்துவர்களுக்குப் புரிந்தது. அப்போது மகப்பேறு வார்டு மேல்மாடியில், வெயில் நேராக விழும் தளத்துக்கு அடியில் இருந்தது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். 2009, 2010, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளின் கோடைப் பதிவேடுகளை எடுத்துப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பகல் வெப்பம் 42 டிகிரிக்கு மேல் போகும்போது, கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் வெப்பத்தால் சேர்க்கப்படும் பச்சிளங்குழந்தைகள் 43 விழுக்காடு அதிகமானார்கள். கீழே மாற்றியது அந்தக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பாக அமைந்தது என்பதும் அதே பதிவேடுகளில் தெரிந்தது.

புது மருந்து எதுவும் வரவில்லை, புதுக் கருவியும் வரவில்லை. கட்டில்கள் மாடிப்படி இறங்கின, அவ்வளவுதான். ஒரு கட்டடம் தன்னுள் இருப்பவரின் உடலோடு என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால், இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

அந்த மேல்மாடியில் நடந்ததைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் லட்சக்கணக்கான வீடுகளிலும் அதுவேதான் நடக்கிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் காலையிலிருந்து வெயிலைக் குடிக்கிறது. அந்தச் சூடு அடிப்பக்கத்துக்கு இறங்கி வரச் சில மணி நேரம் ஆகும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதுபோல, வெயில் தாழ்ந்த பிறகுதான் உள்கூரை முழு வேகத்தில் தகிக்கத் தொடங்கும். வெளியே கடற்காற்று வந்து தெரு குளிர்ந்திருக்கும். உள்ளே படுத்திருப்பவர் மீது கூரை அனலை இறைத்துக்கொண்டிருக்கும். மின்விசிறி அந்த அனலைத் தடுக்காது. கூரையை ஒட்டிய சூட்டுக் காற்றைத்தான் அது கீழே தள்ளுகிறது. பெரியவர்களுக்கு வியர்க்கும், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்கள், முடிந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார்கள். பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு வியர்வைச் சுரப்பி சரியாக வேலை செய்யாது. தண்ணீர் கேட்கத் தெரியாது. சுற்றியிருக்கும் துணியை விலக்கக்கூடக் கை உதவாது.

கட்டட வரைபடத்தை நாம் எல்லோரும் நிற்பவர் கண்ணிலிருந்துதான் பார்க்கிறோம். வரைகிறவர் மேசை முன் அமர்ந்திருக்கிறார், விருப்பப்படும்போது எழுந்து போவார். கட்டித்தருபவர் ஹெல்மெட்டோடு நடந்துகொண்டே பார்க்கிறார். திறந்து வைக்க வருபவர் ரிப்பனை வெட்டிவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார். அந்த அறையிலிருந்து நகர முடியாதவர் ஒருவர் இருக்கிறார்: நோயாளி, ஆறு பீரியட் உட்கார வேண்டிய மாணவி, எட்டு மணி நேரம் தையல் மெஷினைவிட்டு எழ முடியாத தொழிலாளி, படுக்கையோடு கிடக்கும் முதியவர். கட்டடத்தின் தரத்தை அவருடைய இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றைத்தான்.

இதைத் தன் தொழிலில் முழுமையாகச் செய்து காட்டியவர் ஃபின்லாந்தின் ஆல்வார் ஆல்டோ. பைமியோ என்ற ஊரில் 1933இல் திறக்கப்பட்ட காசநோய் மருத்துவமனை அவருடைய வடிவமைப்பு. நோயாளியாய்ப் படுத்திருந்த சொந்த அனுபவம் அதை வரைய உதவியது என்று ஆல்டோ பிற்காலத்தில் சொன்னார். சாதாரண அறை நிற்பவருக்காகவே செய்யப்படுகிறது என்பது படுத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. படுத்திருப்பவருக்குச் சுவரைவிட உள்கூரைதான் அதிகம் கண்ணில் படும். அதனால் பைமியோவில் உள்கூரைக்குச் சுவரைவிட அடர்த்தியான, கண்ணுக்கு இதமான நிறம் பூசினார். விளக்கு நோயாளியின் கண்ணை நேராகக் குத்தாத இடத்துக்குப் போனது. கூரையிலிருந்து வரும் வெப்பமூட்டி தலையைச் சுடாமல் கால் பக்கம் வெப்பம் தருமாறு அமைந்தது. ஓர் அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு கைகழுவும் தொட்டி. அந்தத் தொட்டியின் சரிவைக் கவனியுங்கள். குழாயிலிருந்து விழும் நீர் சத்தமில்லாமல் வழிந்து போகும் கோணத்தில் அது வளைந்திருக்கும். இரவில் ஒருவர் எழுந்து முகம் கழுவினால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் விழிக்கக் கூடாது என்பதற்காக. நம் மருத்துவமனைகளில் இரவு இரண்டு மணிக்கு இரும்புக் கதவும் எவர்சில்வர் வாளியும் எழுப்பும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்தக் கோணத்தின் அருமை தெரியும்.

காசநோய் என்றதும் நம் தாம்பரம் நினைவுக்கு வராமல் போகாது. இங்கிலாந்தின் மென்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்திய டாக்டர் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். சுத்தமான காற்று, வெயில், ஓய்வு, ஊட்டம் இவையே அன்றைய சிகிச்சை. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் மின்சார ரயிலில் அந்த நிறுத்தத்துக்கு அதே பெயர்தான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முந்தைய உலகில், கட்டடமும் அதைச் சுற்றிய மரங்களும்தான் மருந்துச் சீட்டின் முதல் வரி.

ஆனால் இந்தக் கதை இதோடு முடியவில்லை. முடியாத பகுதியையும் சொல்வதுதான் நேர்மை. 1956இல் சென்னையில் ஒரு புது ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்த முயற்சி அது. வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். காசநோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் மருந்து சாப்பிட்டார்கள். மறுபகுதியினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே, குறைந்த சாப்பாட்டோடு அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். உலகெங்கும் காசநோய் சிகிச்சையையே திருப்பிப்போட்ட ஆய்வு இது. சானடோரியங்களின் காலம் இதற்குப் பிறகு மெல்ல முடிந்தது.

கட்டடத்தால் நோய் தீரும் என்று மேடையேறிச் சொல்பவர்கள் இந்தச் சென்னை ஆய்வைப் படிக்க வேண்டும். சரியான மருந்து இருந்தால் ஓட்டைக் குடிசையிலும் அது வேலை செய்யும். எந்தக் கட்டடமும் மருந்துக்கு மாற்று ஆகாது. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் கட்டடத்துக்கு உண்மையிலேயே உள்ள பொறுப்பு எது என்று கேட்க முடியும்.

அந்தப் பொறுப்புகளில் முதலாவது, நோயை அடுத்தவருக்குக் கடத்தாமல் இருப்பது. பெரு நாட்டின் லிமாவில் 8 மருத்துவமனைகளின் 70 அறைகளில் காற்றோட்டத்தை அளந்து, 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஜன்னல் கதவுகளைத் திறந்துவைத்தால் ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று சராசரியாக 28 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய தனிமை அறைகளில் அது 12 முறை. வியப்பு அடுத்ததில்தான் இருக்கிறது: உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட, 1950க்கு முந்தைய பழைய கட்டடங்கள், பிறகு கட்டிய நவீனக் கட்டடங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நன்றாக மூச்சு விட்டன. காசநோயாளியோடு ஒரு நாள் இருக்கும் ஒருவருக்குத் தொற்றும் வாய்ப்பை அவர்கள் கணக்கிட்டபோது, பழைய கட்டடத்தில் 11 விழுக்காடு, இயந்திரக் காற்றோட்ட அறையில் 39 விழுக்காடு என்று வந்தது.

நம்மிடமும் அப்படிப்பட்ட பழைய கட்டடங்கள் இருக்கின்றன. பதினைந்தடி உயரக் கூரை, இருபுறமும் தாழ்வாரம், எதிரெதிர் ஜன்னல். அவற்றை என்ன செய்கிறோம்? தாழ்வாரத்தை அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்து அடைத்து, கூடுதலாக ஓர் அலுவலக அறை எடுத்துக்கொள்கிறோம். ஃபால்ஸ் சீலிங் போட்டு உயரத்தைக் குறைக்கிறோம். ஏசி மாட்டுகிறோம். அறை அழகாகிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். தாழ்வாரம் பறிபோன வார்டில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்க ஆளில்லை. இந்த வேலைக்கு ஒப்புதல் தரும் பொறியாளர்கள் சிலராவது இந்த அரங்கில் இருப்பீர்கள். அடுத்த முறை அந்தக் கோப்பு வரும்போது, அந்த ஒரு கேள்வியைக் குறிப்பில் எழுதுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது பொறுப்பு, உள்ளே இருப்பவரைத் தளரவிடாமல் இருப்பது. அதற்காக வகுப்பறைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோரிடம் 'ஏசி கிளாஸ்ரூம்' என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிற பள்ளிகளும் கோச்சிங் சென்டர்களும் இன்று எல்லா ஊரிலும் உண்டு. அங்கே மாட்டியிருப்பது பெரும்பாலும் ஸ்பிளிட் ஏசி. பலருக்கும் தெரியாத செய்தி: வழக்கமான ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே உறிஞ்சி, குளிரவைத்து, அதையே திருப்பித் தள்ளுகிறது. வெளியே தொங்கும் பெட்டி சூட்டை வெளியேற்ற மட்டுமே. குளிர் போய்விடும் என்று ஜன்னலை மூடி, இடுக்கிலும் டேப் ஒட்டிவிட்டால், ஐம்பது பேர் விட்ட மூச்சை ஐம்பது பேரும் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். முப்பதடி நீளம், இருபதடி அகலம், பத்தடி உயரம் கொண்ட ஒரு ஹால். உள்ளே சுமார் 170 கன மீட்டர் காற்று இருக்கும். அதில் நீட் தேர்வுக்குப் படிக்கும் 50 பிள்ளைகள். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார் என்றால், 50 பேருக்கு 900 லிட்டர். முழுக்க அடைத்த அறையாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் அந்த வாயு பத்து லட்சத்துக்கு 5,300 பங்கு கூடிவிடும். வெளிக்காற்றில் இருப்பது இன்று 420 பங்குக்குச் சற்று மேல். ஜெர்மனியின் மூனிக் நகரத்தில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858லேயே, அறைக் காற்று கெட்டுவிட்டதற்கு அடையாளமாக 1,000 பங்கு என்ற எல்லையை வகுத்தார். நம் ஹால் அந்த எல்லையை ஏழு நிமிடத்தில் தொட்டுவிடும். கதவிடுக்கு, ஆள் நடமாட்டம் எல்லாவற்றையும் கழித்துக்கொண்டாலும் முதல் பாடம் முடிவதற்குள் வெகுதூரம் தாண்டியிருக்கும். இரண்டாவது மணி நேரத்தில் பிள்ளைகள் கொட்டாவி விட்டால், 'ராத்திரி செல்போன் பார்த்தியா?' என்றுதான் கேட்கிறோம்.

இங்கே கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 2012இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் 22 பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, வேறு எதையும் மாற்றாமல் கரியமில வாயுவை மட்டும் 600, 1,000, 2,500 பங்கு என்று கூட்டினார்கள். முடிவெடுக்கும் திறன் படிப்படியாகக் குறைந்தது. பிறகு டென்மார்க்கில் செய்த சோதனை வேறு விடை தந்தது. தூய கரியமில வாயுவை 3,000 வரை கூட்டியும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே 3,000 மனிதர்களின் மூச்சாலும் உடலாலும் சேர்ந்தபோது தலைவலியும் மந்தமும் வந்தன. அப்படியானால் குற்றவாளி அந்த வாயு மட்டுமா, அதோடு சேர்ந்து தேங்கும் மற்றவையா என்பது இன்னும் தீரவில்லை. பெட்டன்கோஃபருக்கு அந்தச் சண்டை தேவைப்படவில்லை. கரியமில வாயுவை அவர் ஓர் அளவுகோலாகத்தான் எடுத்துக்கொண்டார். அது கூடினால் அறையில் புதுக்காற்று போதவில்லை என்று பொருள். நமக்கும் அது போதும்.

ஹார்வர்டின் ஜோசஃப் ஆலன் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு, அலுவலகங்களில் இந்தப் பேச்சைப் பரவலாக்கியது. சிரக்கூஸ் நகரில் 24 அலுவலகப் பணியாளர்கள் ஆறு நாட்கள் ஒரே இடத்தில் வந்து வேலை செய்தார்கள். எந்த நாளில் காற்று எப்படி மாற்றப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. மதிப்பெண் போட்டவர்களுக்கும் தெரியாது. பெயிண்ட், பசை, மரப்பலகையிலிருந்து கசியும் வேதி ஆவிகளைக் குறைத்த நாட்களில் சிந்தனைத் திறன் மதிப்பெண் வழக்கமான அலுவலகச் சூழலைவிட 61 விழுக்காடு கூடியது. அதோடு வெளிக்காற்றையும் அதிகம் விட்ட நாட்களில் 101 விழுக்காடு கூடியது. வெறும் 24 பேர்தான், ஏசி தயாரிக்கும் தொழில் குழுமத்தின் நிதியுதவியும் அதற்கு இருந்தது. ஆகவே இந்த எண்களைச் சுவரில் எழுதி மாட்டச் சொல்லமாட்டேன். ஆனால் வேறு நாடுகளில், வேறு முறைகளில் நடந்த பல ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

ஏசியே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களைப் பொருளியலாளர்கள் அலசினார்கள். ஏசி இல்லாத பள்ளிகளில், ஒரு கல்வியாண்டு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதல் வெப்பமாக இருந்தால் அந்த ஆண்டுக் கற்றல் 1 விழுக்காடு குறைந்தது. வெப்பமும் பிள்ளைகளைத் தின்கிறது, அடைத்த காற்றும் தின்கிறது. ஒன்றிலிருந்து தப்பிக்க இன்னொன்றிடம் ஒப்படைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஏசி அறைக்கு வெளிக்காற்றைக் கொண்டுவர ஒரு சின்ன மின்விசிறியும் வடிகட்டியும் வைக்கலாம். அதற்கும் காசில்லை என்றால், ஒவ்வொரு பாடத்துக்கும் இடையில் கதவையும் எதிர்ச் சுவர் ஜன்னலையும் பத்து நிமிடம் முழுக்கத் திறந்துவிடலாம். மின்கட்டணம் சற்றுக் கூடும். பிள்ளையின் பெயரில் வாங்கும் கட்டணத்தில் அது ஒரு பெரிய தொகையா?

வகுப்பறைக் கூரையைப் பற்றிப் பேசும்போது கும்பகோணத்தைச் சொல்லாமல் போகமுடியாது. 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றிக்கொண்டதில் 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். கீற்றுக் கூரை குளிர்ச்சியானது. ஆனாலும் அதைப் பள்ளியிலிருந்து எடுத்தது சரி. அதில் இரண்டாவது பேச்சே இல்லை. கீற்று போன இடங்களில் தகரமும் கல்நார்த் தகடும் வெறும் கான்கிரீட் தளமும் வந்தபோது, அவற்றின் அடியில் உட்காரும் பிள்ளைக்கு என்ன வெப்பம் என்று யாரும் அளக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை. தீயிலிருந்து காப்பாற்றிய கூரைக்கு வெயிலிலிருந்து காப்பாற்றும் கடமையும் உண்டு. நம் கொத்தனார்களுக்கு இந்த வேலை தெரியாததல்ல. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தின் மேல் அடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பது தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். அது முடியாவிட்டாலும், தளத்தில் வெள்ளைப் பூச்சு ஒன்று அடித்தால் வெயிலில் பெரும்பகுதி மேலேயே திரும்பிப்போகும். மாலையில் மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றும் அம்மாக்கள் எந்தப் பாடப்புத்தகத்தையும் பார்த்துச் செய்வதில்லை. தளத்தில் ஏறிய சூட்டை அறைக்குள் இறங்கவிடாமல் மேலேயே ஆவியாக்கி அனுப்பிவிடுகிறார்கள்.

ஜன்னலுக்கு வெளியே தெரிவதைப் பற்றி ஒரு வார்த்தை. ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேரையும் பழுப்புச் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் வயது, பால், புகைப்பழக்கம் எல்லாம் பொருந்துமாறு ஜோடி சேர்த்தார். மரத்தில் இலை இருக்கும் மாதங்களின் பதிவுகளை மட்டுமே எடுத்தார், அவ்வளவு கவனம். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். வீரியமான வலிநிவாரணிகளும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சின்ன ஆய்வுதான். ஆனால் வேப்பமரத்தை வெட்டி வாகன நிறுத்தம் போடும் மருத்துவமனை நிர்வாகிகள் ஒருமுறை படிக்க வேண்டிய ஆய்வு.

இனி தொழிற்சாலை. பெங்களூரைச் சுற்றியுள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில், மின்சாரச் செலவைக் குறைப்பதற்காகப் பழைய டியூப்லைட்டுகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் போனவர்களுக்கு அந்த விளக்கு எங்கே தொங்கும் என்று தெரியும்: தைக்கிறவரின் தலைக்கு மேலே, ஊசி தெரிய வேண்டும் என்பதற்காக மிகவும் தாழ்வாக, வரிசை வரிசையாக. எல்இடி மிகக் குறைந்த சூட்டையே வெளிவிடும். மூன்று பொருளியலாளர்கள் அந்தத் தொழிற்சாலைகளின் அன்றாட உற்பத்திக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, வெயில் நாட்களில் ஏற்படும் உற்பத்தி இழப்பில் சுமார் 85 விழுக்காடு மறைந்துபோயிருந்தது. மின்கட்டணத்தை மனதில் வைத்துச் செய்த மாற்றம், தலைக்கு மேலே ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது. பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்த அடுப்பின் விலை அவளுடைய சனிக்கிழமைச் சம்பளத்தில் கழிந்துகொண்டிருந்தது.

இந்தியத் தொழிற்சாலைகளைப் பற்றி 2021இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வு, ஆண்டு வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் உற்பத்தி சுமார் 2 விழுக்காடு குறைகிறது என்கிறது. அதில் என்னை நிறுத்தியது வேறொரு கண்டுபிடிப்பு. குளிரூட்டிய ஆலையில் வெப்ப நாளிலும் வேலையின் வேகம் குறையவில்லை. ஆனால் ஆட்கள் விடுப்பு எடுப்பது மட்டும் குறையவில்லை. காரணம் எளிது. ஆலை குளிர்ந்திருக்கலாம், வீடு குளிரவில்லை. தகரக் கூரைக்கும் தளத்துக்கும் அடியில் இரவு முழுதும் புரண்டு படுத்த உடம்பு காலையில் எழ மறுக்கிறது. முதலாளி தன் கட்டடத்தை மட்டும் சரி செய்தால் பாதிக் காரியம்தான் ஆகும்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், புதிதாகக் கட்டும் ஆலையில் தொழிலாளி ஒருவருக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. 4.2 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கும் இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் எழுதியது. கூரையை உயர்த்திக் காட்டி ஆட்களை நெருக்கி அடைத்துவிடக் கூடாது என்ற முன்யோசனை அந்த வரியில் இருக்கிறது. இப்போது என் கோச்சிங் ஹாலுக்குத் திரும்பிப் பாருங்கள். 170 கன மீட்டரில் 50 பேர், ஆளுக்கு 3.4. சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டில் நூற்பாலைத் தொழிலாளிக்குச் சட்டம் உறுதி செய்த காற்றில் கால்பங்குகூட, டாக்டராகப் போகிற நம் பிள்ளைக்கு இல்லை. 2021இல் தமிழ்நாடு, கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஜவுளிக் கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. நகர முடியாதவரின் இடத்திலிருந்து எழுதப்பட்ட சட்டம் அது. அந்தப் பார்வை காற்றுக்கும் கூரைக்கும் நீள வேண்டும்.

ஜன்னலைத் திற என்று சொல்வது எளிது, திறக்க முடியாததற்குக் காரணங்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். கொசு. தெருப் புழுதி. லாரி ஹாரன். பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடியில் நிற்கிறது, திறந்தால் அவர்கள் சமையலறை. கொசுவலை போட்டால் காற்று பாதியாகிறது. அதனால்தான் ஜன்னலுக்கு மேலே, லின்டலுக்கும் தளத்துக்கும் இடையில் நம் பழைய வீடுகளில் இருந்த வென்டிலேட்டரை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். திருடன் வர முடியாது, எட்டிப் பார்க்க முடியாது, கூரையடியில் தேங்கும் சூட்டுக் காற்று இரவு முழுக்க வெளியேறும். ஏசி வரப்போகிறது என்ற எண்ணத்தில் புதுக் கட்டடங்களில் அதை விட்டுவிட்டோம். ஏசி வராத வீடுகளிலும் விட்டுவிட்டோம். வாஸ்து பார்ப்பவர்களை நான் பழிக்க மாட்டேன். வீட்டுக்குத் திசை முக்கியம் என்ற எண்ணமாவது அவர்களிடம் மிஞ்சியிருக்கிறது. சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. படுக்கையறை ஜன்னல் அதைப் பார்த்திருக்கிறதா, அந்தக் காற்று வெளியேற எதிர்ப்புறம் வழி இருக்கிறதா என்று அதே அக்கறையோடு அவர்கள் கேட்கலாம்.

கடைசியாக, இங்கே இருக்கும் கட்டடக்கலை மாணவர்களுக்கு. பிரிட்டனில் 1995 முதல் 2002 வரை 'ப்ரோப்' என்ற பெயரில் ஒரு வரிசை ஆய்வு நடந்தது. கட்டி முடித்து ஆட்கள் குடியேறிய பிறகு, அதே கட்டடத்துக்குத் திரும்பிப் போய், உள்ளே இருப்பவர்களிடமே கேட்டு, அளந்து, நல்லது கெட்டது இரண்டையும் கட்டடத்தின் பெயரோடு அச்சிட்டார்கள். அதில் தெரிந்தவற்றுள் ஒன்று: தன் கைக்கு எட்டும் ஜன்னலும் தானே போட்டு அணைக்கும் சுவிட்சும் இருந்தால், சற்றுக் கூடுதல் வெப்பத்தையும் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் தானாக இயங்கி, தன்னால் ஒன்றும் செய்ய முடியாத கட்டடத்தில் சின்னக் குறையும் அவர்களுக்குப் பெரிதாகிறது.

நம் நாட்டில் சாவி கொடுத்த நாளோடு கட்டியவருக்கும் கட்டடத்துக்கும் உறவு அறுந்துவிடுகிறது. உங்கள் துறைத் தலைவர் ஒப்புக்கொண்டால், இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுத் தொகையைச் சொற்பொழிவுக்குச் செலவிடாமல், விலை குறைந்த வெப்பமானிகளும் கரியமில வாயு அளவிகளும் வாங்குங்கள். இந்த ஊரில் பத்து வகுப்பறை, பத்து வார்டு, பத்து மேல்மாடி வீடு தேர்ந்தெடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஒன்பது மணிக்குக் கட்டில் உயரத்தில் என்ன வெப்பம், காலை பதினொரு மணிக்குக் கடைசி பெஞ்சில் காற்று எப்படி என்று அளந்து, அங்கே இருப்பவர் சொல்வதையும் எழுதி, தமிழிலேயே அச்சிடுங்கள். அளவுகளை அந்தக் கட்டடத்தின் பொறியாளருக்கும் ஒரு படி அனுப்புங்கள். அந்தப் பணிக்கு வேண்டிய உதவியை என்னால் இயன்றவரை செய்கிறேன்.